கயிற்றை அவிழ்த்த பிறகு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விடுமுறை நாட்களில் கிருஷ்ணகிரி மலைக்கோட்டைக்கும் இராயக்கோட்டைத் துருகத்துக்கும் ஏறிப்போகும் இளைஞர் கூட்டம் ஆண்டுக்கு ஆண்டு பெருகி வருகிறது. பெங்களூரிலிருந்து ராமநகரம், சாவன்துர்கா போன்ற இடங்களுக்குச் சென்று கயிறு கட்டிப் பாறையேறுகிறவர்களைப் பார்த்து, நம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கும் அந்த ஆசை வந்திருக்கிறது. 26 ஆண்டுகள் உடற்கல்வி ஆசிரியையாகப் பணியாற்றி ஓய்வுபெற்ற எனக்கு இது மகிழ்ச்சி தரும் செய்திதான். கைப்பேசியை வைத்துவிட்டுப் பிள்ளைகள் பாறையைத் தொடுவதை நான் ஒருபோதும் தடுக்க மாட்டேன். ஆனால் பாறையேற்றத்தின் ஆபத்து எல்லாம் கயிற்றில் தொங்கும் நேரத்தில்தான் இருக்கிறது என்று பெற்றோரும் பிள்ளைகளும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் கண்ட வரையில் அடிபடுவது பெரும்பாலும் அந்த நேரத்தில் அல்ல. பாறையின் அடிவாரத்தை நோக்கிக் கையூன்றித் தவழ்ந்து ஏறும்போதும், கீழே நின்று வேடிக்கை பார்க்கும்போதும், எல்லாம் முடிந்தது என்று கயிற்றை அவிழ்த்துவிட்டு இறங்கும்போதும்தான். இதை நான் என் சொந்தப் பிழையிலிருந்து கற்றுக்கொண்டேன் என்பதால் உங்கள் நாளிதழ் வழியாகச் சொல்ல விரும்புகிறேன்.

ஓய்வுபெறுவதற்கு முந்தைய ஆண்டு, ஐப்பசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், 22 மாணவ மாணவியரைப் பாறையேற்றப் பயிற்சிக்காக ஒரு குன்றுக்கு அழைத்துப் போயிருந்தேன். பயிற்சி தர ஒப்புக்கொண்ட தனியார் நிறுவனம் மூன்று பயிற்றுநர்கள் வருவார்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டு ஒருவரை மட்டுமே அனுப்பியது. அன்றைக்கே நான் பிள்ளைகளைத் திருப்பி அழைத்துப் போயிருக்க வேண்டும். ஆசையோடு கிளம்பி வந்த முகங்களைப் பார்த்து மனம் வரவில்லை. வந்தவர் கயிற்று வேலையில் கைதேர்ந்தவர். ஹார்னெஸ் என்னும் இடுப்புப் பட்டையை ஒவ்வொரு பிள்ளைக்கும் தானே இழுத்துப் பார்த்து, முடிச்சை இரண்டு முறை சரிபார்த்த பிறகே ஏறவிட்டார். காலை முழுவதும் ஒரு சிராய்ப்புக்கூட இல்லை. நடுப்பகலில் ஒரு சிறு தூறல் வந்து போனது. கயிற்றைச் சுருட்டி, ஹெல்மெட்டுகளை எல்லாம் ஒரு சாக்கில் போட்டுக் கட்டி, பக்கவாட்டில் இருந்த சாய்பாறை வழியாகக் கீழே இறங்கத் தொடங்கினோம். அது செங்குத்தான பாறை அல்ல. கைப்பிடி இல்லாமலே காலையில் எல்லோரும் ஏறி வந்த வழிதான். பாதி தூரம் இறங்கியபோது எனக்கு முன்னால் போன பதினோராம் வகுப்பு மாணவி சறுக்கினாள். உட்கார்ந்த நிலையிலேயே சில அடி வழுக்கிக்கொண்டு போய், பாறை முடிகிற விளிம்பிலிருந்து 15 அடி கீழே இருந்த கற்குவியலில் விழுந்தாள். கணுக்கால் முறிந்தது. புருவத்தின் மேல் கல் குத்தி ஏழு தையல் போட வேண்டியதாயிற்று. ஹெல்மெட் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு வந்த பையன் அவளுக்குப் பத்தடி பின்னால் நின்றுகொண்டிருந்தான்.

அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் ஓடி வந்து, தன் கம்பளியை விரித்து, இரண்டு மூங்கில் கழிகளில் கட்டித் தூக்குப்படுக்கை செய்து கொடுத்தார். அரை கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தூரம்தான். சாலைக்குக் கொண்டு வந்து சேர்க்க நான்கு மணி நேரம் ஆனது. அந்தப் பெரியவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "பேஞ்சா ஆடே இந்தப் பக்கம் எறங்காதுங்க டீச்சர், புள்ளைங்கள ஏன் இப்படி இட்டாந்தீங்க?" அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அதன் பிறகு நான் பாறையேற்றம் அறிந்தவர்களிடம் கேட்டும், மீண்டும் மீண்டும் அந்தக் குன்றுக்கே போய்ப் பார்த்தும் தெரிந்துகொண்டவற்றை எழுதுகிறேன். அமெரிக்காவில் மலைவழிகளை ஐந்து வகுப்புகளாகப் பிரிக்கிறார்கள். முதல் வகுப்பு சாதாரண நடை; இரண்டாவதில் எப்போதாவது கையூன்ற வேண்டியிருக்கும்; மூன்றாவதில் கைகளைப் பயன்படுத்தித்தான் ஏற முடியும்; நான்காவதில் தவறி விழுந்தால் உயிர் போகலாம்; ஐந்தாவதுதான் கயிறு கட்டி ஏறும் பாறை. ஐந்தாம் வகுப்பைப் பார்த்து எல்லோரும் பயப்படுகிறார்கள், அதனால் கயிறும் முடிச்சும் கவனமும் அங்கே இருக்கின்றன. மூன்றாவதிலும் நான்காவதிலும் பயமும் இருப்பதில்லை, கயிறும் இருப்பதில்லை. விழுந்தால் அடி மட்டும் அதே அடிதான். 15 அடி உயரத்திலிருந்து விழும் உடல் தரையைத் தொடும்போது அதன் வேகம் மணிக்கு ஏறத்தாழ 34 கிலோமீட்டர். இரண்டு சக்கர வண்டியில் அந்த வேகத்தில் போகிறவரை ஹெல்மெட் போடச் சொல்கிறோம்.

நம் மாவட்டத்துப் பாறையின் தன்மையையும் சொல்லியாக வேண்டும். ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பழமையுள்ள இந்தக் கருங்கல் உறுதியானதுதான். ஆனால் மேலே அழுத்திக்கொண்டிருந்த மண்ணும் கல்லும் காலப்போக்கில் அரித்துப் போனதால் பாறை விரிந்து, அதன் மேற்பரப்பு வெங்காயச் சருகு போல ஏடு ஏடாகப் பிரிகிறது. இப்படிப் பிரிந்த ஏடு பார்ப்பதற்கு நல்ல கைப்பிடியாகத் தெரியும். நம்பி இழுத்தால் கையோடு வந்துவிடும். சந்தையில் பானை வாங்கும்போது தட்டிப் பார்க்கிறோம் அல்லவா, அதுபோலவே கைமுட்டியால் தட்டிப் பார்க்க வேண்டும். கணீரென்று கேட்காமல் உள்ளீடற்ற ஓசை வந்தால் அதைத் தொடக்கூடாது. வேறு வழியில்லாமல் தொட நேர்ந்தால் வெளிப்பக்கமாக இழுக்காமல் கீழ்நோக்கி அழுத்த வேண்டும்.

அதைவிடப் பெரிய ஆபத்து கண்ணில் படாத ஒன்று. வெயிலிலும் மழையிலும் பாறையின் மேற்பரப்பு உதிர்ந்து, பருமணல் போன்ற பரல்கள் சாய்பாறையின் மேல் பரவிக் கிடக்கும். நம் ஊர்களில் அகலப்பாறையின் மேல் கேழ்வரகு காயப்போட்டிருக்கும்போது அதன் மேல் கால் வைத்தவர்களுக்குத் தெரியும், ஒவ்வொரு மணியும் ஒரு உருளை போலக் காலை இழுத்துக்கொண்டு போகும். அந்தப் பெண் சறுக்கிய இடத்தை மறுவாரம் போய்க் கையால் தடவிப் பார்த்தேன். உள்ளங்கை நிறையப் பரல் ஒட்டிக்கொண்டு வந்தது. காலையில் ஏறும்போது நாங்கள் எல்லோரும் அதன் மேல்தான் நடந்திருக்கிறோம். ஏறும்போது உடல் எடை முன்பாதத்தில் அழுந்தி நிற்பதாலும் கண் பாறைக்குப் பக்கத்தில் இருப்பதாலும் அது தெரியவில்லை. பரலோடு, நீர் வழிந்த இடங்களில் கருநிறமாகப் படர்ந்திருக்கும் பாசியும் சேர்ந்துகொள்கிறது. காய்ந்திருக்கும்போது சொரசொரப்பாக இருக்கும் அந்தக் கறுப்புப் பட்டை, ஒரு தூறல் பட்டதும் சோப்புத் தடவியது போல் ஆகிவிடும். சுனையிலிருந்து வழியும் நீர்த்தடத்தை மழையில்லாத நாளிலும் ஒதுங்கித்தான் கடக்க வேண்டும்.

இறங்குவது ஏறுவதைவிடக் கடினம் என்பதைப் பலரும் வாயால் ஒப்புக்கொள்கிறார்கள், நடைமுறையில் மறந்துவிடுகிறார்கள். ஆஸ்திரியாவைச் சேர்ந்த பவுல் பிராய்ஸ் என்ற மலையேறி, எந்த இடத்தில் தன்னால் கயிறில்லாமல் இறங்க முடியாதோ அந்த இடத்தில் ஏறவும் கூடாது என்று 1911-லேயே வாதிட்டார். தனியாக ஏறப் போன அவரே 1913-இல், 27 வயதில், தவறி விழுந்து இறந்தார் என்பது அவருடைய கருத்தைத் தள்ளிவிடக் காரணமாகாது. பிள்ளைகளுக்கு நான் பின்னாளில் சொல்லிக்கொடுத்தது இதைத்தான்: ஒவ்வொரு பத்தடிக்கும் ஒருமுறை திரும்பிக் கீழே பார், இதே வழியில் உன்னால் இறங்க முடியுமா என்று உன்னையே கேள், முடியாது என்று தோன்றினால் அங்கேயே நில். சாய்பாறையில் இறங்கும்போது பயத்தில் எல்லோரும் பின்பக்கமாகச் சாய்ந்துகொள்கிறார்கள். அப்படிச் சாய்ந்தால் பாதம் பாறையில் அழுந்தாமல் முன்னோக்கி வழுக்கும். முழங்காலைச் சற்று மடக்கி, உடலைப் பாதத்துக்கு நேர் மேலே நிமிர்த்தி வைத்து, சிறு சிறு அடியாக வைத்து இறங்குவதே சரி. செங்குத்தான இடம் வந்தால் ஏணியில் இறங்குவது போலப் பாறையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, இரண்டு கை இரண்டு கால் ஆகிய நான்கில் மூன்று எப்போதும் பாறையில் இருக்கும்படி இறங்க வேண்டும். அதுவும் தயக்கம் தருமானால், வெட்கப்படாமல் கயிற்றை மறுபடி எடுத்துக் கட்ட வேண்டும். எங்களிடம் அன்றைக்குக் கயிறு இருந்தது, நங்கூரமிட ஒரு பெரிய மரமும் இருந்தது. சுருட்டிய கயிற்றை மறுபடி பிரிக்கச் சோம்பல்பட்டோம், அவ்வளவுதான்.

காலணியையும் சொல்ல வேண்டும். பாறையேறும் இறுக்கமான காலணியைக் கழற்றியதும், கால் வலிக்கிறது என்று ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்குகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த மாணவி அணிந்திருந்தது அடிப்பாகம் தேய்ந்து வழவழத்துப் போன கான்வாஸ் ஷூ. புறப்படும் முன் அதைத் திருப்பிப் பார்க்க எனக்கு அரை நிமிடம்கூட ஆகியிருக்காது.

அடுத்தது, பாறையின் அடியில் நிற்பது. ஒருவர் ஏறிக்கொண்டிருக்கும்போது மற்றவர்கள் நிழல் இருக்கிறது என்று நேர் கீழே உட்கார்ந்து, சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிப்பார்கள். 30 மீட்டர் உயரத்திலிருந்து நேராக விழும் ஒரு தேங்காயளவு கல் கீழே வரும்போது மணிக்கு 85 கிலோமீட்டருக்கு மேல் வேகம் எடுத்திருக்கும். கல்லைத் தள்ளிவிடுவது ஏறுகிறவர் மட்டுமல்ல; இழுபடும் கயிறு தள்ளலாம், மேலே போகும் வெள்ளாடு தள்ளலாம், குரங்கு தள்ளலாம். ஆகவே கயிற்றைப் பிடித்திருப்பவரைத் தவிர மற்ற அனைவரும் பக்கவாட்டில் விலகியே இருக்க வேண்டும். மேலிருந்து கல் விழுந்தால், யார் தள்ளியது என்று பார்க்காமல் உடனே "கல்லு! கல்லு!" என்று உரக்கக் கத்த வேண்டும். கீழே இருப்பவர் அண்ணாந்து பார்க்கக் கூடாது. பாறையோடு ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். ஓடைபோலக் குறுகிய கற்சரிவில் ஏறும்போது ஒருவர் பாதுகாப்பான இடத்தை அடைந்த பிறகே அடுத்தவர் கிளம்ப வேண்டும். ஹெல்மெட்டை வண்டியிலிருந்து இறங்கிக் குன்றை நெருங்கியதும் போட்டு, திரும்பவும் சாலையைக் கண்ட பிறகே கழற்ற வேண்டும். பாறையேற்றத்துக்கான ஹெல்மெட்டை 5 கிலோ எடையை 2 மீட்டர் உயரத்திலிருந்து மேலே விழவிட்டுச் சோதித்துச் சான்றளிக்கிறார்கள். சாக்குக்குள் இருக்கும் ஹெல்மெட்டுக்கு அந்தச் சான்றினால் பயன் ஒன்றும் இல்லை.

உச்சியின் விளிம்பில் நின்று படம் எடுப்பவர்களைப் பற்றித் தனியே எழுதலாம். கோட்டைச் சுவரின் மேலும் பாறை நுனியிலும் முதுகைக் காட்டி நின்று ஒரு அடி பின்னால் போகச் சொல்லும் நண்பர்களே அங்கே மிகப் பெரிய ஆபத்து. தன் உயரத்தின் அளவுக்காவது விளிம்பிலிருந்து தள்ளி நிற்பது, அதைத் தாண்டிப் போக வேண்டியிருந்தால் ஏதாவது ஒன்றில் தன்னைக் கட்டிக்கொள்வது, இந்த இரண்டும் போதும்.

பெரும்பாறைகளின் தொங்கலான பகுதியில் மலைத்தேனீ பெரிய அடைகளாகக் கட்டியிருக்கும். கூச்சலும் புகையும் கல்லெறிதலும் அவற்றைக் கிளப்பிவிடும். நடந்து வந்தவர் ஓடித் தப்பலாம், கயிற்றில் தொங்குகிறவர் எங்கே ஓடுவார்? எனவே தேன் எடுக்கும் உள்ளூர்க்காரரிடம் கேட்காமல் எந்தப் பாறையையும் தேர்ந்தெடுக்கக் கூடாது. நம் பக்கத்து வறண்ட கற்குவியல்களில் சுருட்டைவிரியன் கல்லின் நிறத்திலேயே படுத்திருக்கும் என்பதால், கண்ணால் பார்க்க முடியாத இடுக்கில் கையை விடக் கூடாது. கடித்துவிட்டால் கீறுவதோ இறுக்கிக் கட்டுவதோ வேண்டாம். கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து, விஷமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்கு நேராகக் கொண்டு போக வேண்டும்.

கைவிடப்பட்ட கல்குவாரிகளை நம் மாவட்டத்தில் சொல்லாமல் விட முடியாது. வெடி வைத்துப் பிளந்த முகம் நேராகவும் உயரமாகவும் இருப்பதால் ஏறுவதற்குத் தோதான பாறைபோலத் தோன்றும். ஆனால் வெடியின் அதிர்வில் உள்ளே ஓடிய விரிசல்களை வெளியிலிருந்து காண முடியாது; எப்போது எந்தத் துண்டு பெயரும் என்று யாராலும் சொல்ல இயலாது. அடியில் தேங்கிய நீரின் ஆழமும் தெரியாது, கரையேறப் படியும் இருக்காது. அங்கே ஏறவும் வேண்டாம், இறங்கவும் வேண்டாம், விளிம்பில் நிற்கவும் வேண்டாம்.

அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் காடுகள் யானை நடமாடும் காடுகள். அவற்றின் பெரும்பகுதி வன உயிரினச் சரணாலயங்களைச் சேர்ந்தது. அங்கே அனுமதியின்றி நுழைவது சட்டப்படியும் குற்றம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் உயிரிழந்த பிறகுதான் மலையேற்றத்துக்கான விதிகளை அரசு வகுத்தது. 2024-இல் வனத்துறை 40 மலையேற்ற வழிகளை வழிகாட்டிகளோடு திறந்துவிட்டிருக்கிறது. அந்த வழிகளில் அந்தப் பகுதி மக்களே வழிகாட்டிகளாக இருக்கிறார்கள் என்பது எனக்குப் பிடித்த செய்தி. அன்றைக்கு அந்தப் பெரியவரை முன்கூட்டியே கூலி கொடுத்து அழைத்துப் போயிருந்தால், தூறல் விழுந்ததும் அவர் எங்களை வேறு வழியில் இறக்கியிருப்பார்.

பிற்பகலில் கருமேகம் திரளும் கோடைமழைக் காலத்தில் நண்பகலுக்கு முன் இறங்கிவிட வேண்டும். இடி காதில் கேட்கும் தூரத்தில் இருந்தாலே மின்னல் தாக்கும் தூரத்தில் இருக்கிறோம் என்று பொருள். மொட்டைப்பாறையின் உச்சியிலும் தனிமரத்தின் அடியிலும் நிற்கக் கூடாது. தண்ணீரும் ஒரு டார்ச் விளக்கும் ஒவ்வொருவர் பையிலும் தனித்தனியாக இருக்க வேண்டும், குழுவுக்கு ஒன்று என்ற கணக்கு உதவாது.

அடிபட்டவரைக் கையையும் காலையும் பிடித்துத் தூக்கிக்கொண்டு ஓடுவது நம் வழக்கம். அன்பினால் செய்வதுதான், ஆனால் முதுகெலும்பிலோ கழுத்திலோ அடிபட்டிருந்தால் அது வாழ்நாள் முழுவதற்குமான கேடாக முடியலாம். மறுபடி கல் விழும் ஆபத்து இல்லாத இடமானால் அவரை அசைக்காமல், தலையையும் கழுத்தையும் ஒருவர் தாங்கிக்கொண்டு, ரத்தம் வரும் இடத்தைத் துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். ஒருவர் கைப்பேசி எடுக்கும் இடத்துக்குப் போய் 108-க்கும் தீயணைப்பு மீட்புப் பணிக்கான 101-க்கும் சொல்லி, சாலையிலேயே நின்று வழிகாட்ட வேண்டும். எங்களுக்கு ஆம்புலன்ஸ் வேறு மண்பாதையில் போய்விட்டதால் மட்டுமே முக்கால் மணி நேரம் வீணானது. ஒரு விசில் ஒவ்வொருவர் கழுத்திலும் இருப்பது நல்லது. ஒரு நிமிடத்தில் ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடியும் ஆறு முறை ஊதுவது மலையேறிகளுக்கிடையே நெடுங்காலமாக உள்ள ஆபத்துக் குறிப்பு.

கிருஷ்ணகிரி கோட்டையும் இராயக்கோட்டைத் துருகமும் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. அத்துறையையும் மாவட்ட நிர்வாகத்தையும் நான் கேட்டுக்கொள்வது பெரிய செலவு பிடிக்கும் காரியம் அல்ல. மலையடிவாரத்தில், எந்தப் பக்கம் இறங்கக் கூடாது, மழை பெய்தால் எந்தப் பாறை வழுக்கும் என்பதை உள்ளூர் ஆடு மேய்ப்பவர்களைக் கேட்டு எழுதிய ஒரு பலகையும், பக்கத்தில் உள்ள ஒரு பொது இடத்தில் மடக்கி வைக்கக்கூடிய ஒரு தூக்குப்படுக்கையும் வைத்தால் போதும். பள்ளிகள் பாறையேற்றப் பயிற்சிக்குப் பிள்ளைகளை அனுப்பும்போது, எத்தனை கயிறு என்று கேட்பதோடு, எத்தனை பிள்ளைகளுக்கு எத்தனை பயிற்றுநர், எந்த வழியாக இறக்குவீர்கள் என்று எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்; சொன்ன எண்ணிக்கையில் ஆள் வராவிட்டால் வாசலிலேயே பயணத்தை நிறுத்த வேண்டும். பொங்கல் விடுமுறைக்கு முன் தாங்கள் இக்கடிதத்தை வெளியிட்டால் நன்றியுடையவளாக இருப்பேன்.

அந்த மாணவி இப்போது செவிலியர் படிப்பு படிக்கிறாள். மார்கழிக் குளிரில் கணுக்கால் இன்னும் வலிக்கிறது என்று போன வாரம் தொலைபேசியில் சொன்னாள். தை பிறந்ததும் என்னோடு அதே குன்றுக்கு வருவதாகவும் சொல்லியிருக்கிறாள். அந்தப் பெரியவரிடம் இப்போதே பேசி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.